நல்ல தண்ணி ஓடுற இடம்

ஜூலைக்கான வீட்டை மார்கழியிலேயே பிடித்துவிட வேண்டும் என்பது பிரான்சில் பிள்ளை குட்டிகளோடு வாழ்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பள்ளிக்கூடங்கள் ஜூலை முதல் வாரத்தில் மூடிச் செப்டெம்பர் தொடக்கத்தில் திறக்கும். அந்த இடைவெளிக்குள் பாரிஸும் லீலும் பெல்ஜியமும் ஒல்லாந்தும் ஒரே திசையில், தெற்கு நோக்கி இறங்கும். ரோன் ஆற்றை ஒட்டிப் போகும் ஏ7 நெடுஞ்சாலைக்குச் 'சூரிய நெடுஞ்சாலை' என்றே பெயர். விடுமுறை வீடுகளைப் பெரும்பாலும் சனிக்கிழமை தொடங்கிச் சனிக்கிழமை முடியத்தான் வாடகைக்கு விடுவார்கள். அதனால் சனம் முழுவதும் சனிக்கிழமைகளில்தான் சாலைக்கு வரும். 'பிஸோன் ஃபுத்தே' என்ற அரசாங்கப் போக்குவரத்துச் சேவை ஒவ்வொரு கோடைக்கும் முன்கூட்டியே ஒரு நாட்காட்டி வெளியிடும். அதில் மிக மோசமான சனிக்கிழமைகள் கறுப்பு.

அந்த மார்கழியில் தெற்குப் பிரான்சின் வரைபடம் எங்கள் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. முந்திய கோடைகளில் நாங்களும் பிள்ளைகளும் மட்டும் போனோம். எங்கே தங்கினாலும் சரிக்கட்டிக்கொள்ளலாம். இம்முறை லண்டனிலிருந்து அக்கா குடும்பமும் வருகிறது, அம்மாவும் வருகிறார். போருக்குப் பின் இரண்டு நாடுகளில் பிரிந்து வாழும் நாங்கள் கலியாணத்துக்கும் செத்த வீட்டுக்கும் சந்திப்போம். மண்டபங்களில் சந்தித்து, மண்டபங்களில் பிரிவோம். ஒரே கூரையின் கீழ் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டு நித்திரை கொண்டு எழும்பி எவ்வளவோ காலம். அதனால் இந்த வீடு எந்த ஊரில் அமைய வேண்டும் என்பது எனக்கு மிகப் பெரிய விஷயமாக இருந்தது.

ஆளுக்கொரு நிபந்தனை வந்தது. அத்தான் தொலைபேசியில் முதலிலேயே சொல்லிவிட்டார்: "கார் ஓடப்போறது நான். வலப்பக்க ரோட்டு எனக்குப் பழக்கமில்லை. ஒரு நாளைக்குப் போக ஒரு மணித்தியாலம், வர ஒரு மணித்தியாலம். அதுக்கு மேல ஏலாது." அக்காவுக்கு அம்மாவின் முழங்கால்தான் கவலை. அம்மாவின் படுக்கையறையும் குளியலறையும் கீழ்த்தளத்திலேயே இருக்க வேண்டும், படி ஒன்றுகூடக் கூடாது. அக்காவின் மகன், என் பெறாமகன், பதினைந்து வயது. மியூசியம் மியூசியமாக இழுத்துக்கொண்டு திரியக் கூடாது என்றான். என் பிள்ளைகளுக்குத் தண்ணீரில் கிடந்தால் போதும். என் கணவர் ஒன்றே ஒன்று கேட்டார்: காலையில் காரை எடுக்காமல் நடந்து போய்ப் பாண் வாங்கிவர வேண்டும். பாண் கடைக்குக் கார் எடுத்துப் போகிற ஊரில் விடுமுறை விடுமுறையாகவே இருப்பதில்லை என்பது அவருடைய உறுதியான எண்ணம். இப்போது என்னுடையதும்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

அக்கா முதலில் நீஸைத்தான் சொன்னாள். அதில் நியாயம் இருந்தது. விமான நிலையம் கடலை ஒட்டியே இருக்கிறது, அங்கிருந்து ட்ராமில் ஏறினால் நகர நடு. கரையோரமாக ஓடும் ரயில் அந்தீப், வில்ஃபிரான்ஷ், மொனாகோ, மான்தோன் என்று எல்லா ஊர்களையும் தொட்டுக்கொண்டு இத்தாலி எல்லை வரை போகும். கார் ஓட்டாத குடும்பத்துக்குத் தெற்குப் பிரான்சில் இதைவிட வசதியான தங்குமிடம் கிடையாது என்று யார் கேட்டாலும் சொல்வேன். ஆனால் நீஸின் கரையில் மணல் இல்லை, உருண்டைக் கற்கள். செருப்போடு நடக்கவே கால் புரளும். அந்தக் கற்களில் அம்மா தண்ணீர் வரைக்கும் எப்படிப் போவார்? அக்கா அதன் பிறகு நீஸைப் பற்றிக் கதைக்கவில்லை.

லுபெரோன் மலையடிவாரம் படங்களில் எல்லோரையும் மயக்கும் இடம். கோர்த், போன்னியூ, மெனெர்ப் என்று குன்றுகளின் மேல் கல்லால் கட்டிய ஊர்கள். ருசியோனில் மண்ணே சிவப்பும் மஞ்சளுமாக இருக்கும். லவெண்டர் வயல்களும் அந்தப் பக்கத்தில்தான். ஆனால் ஜூன் நடுவிலிருந்து ஜூலை நடு வரை பார்த்தால் பார்த்தது, அதன் பிறகு ஒவ்வொரு வயலாக வெட்டிவிடுவார்கள். பகைவருக்குப் பயந்து உச்சியில் கட்டிய ஊர்கள் இவை. கார் நிறுத்துமிடம் கீழே, ஊர் மேலே, நடுவில் கல் பாவிய ஏற்றம். இளம் தம்பதிகளுக்கு அருமையான இடம். முழங்கால் நோவு உள்ள ஒருவரை அங்கே கூட்டிப் போனால் அவர் காரிலேயே இருந்துவிட வேண்டியதுதான்.

அவிஞ்ஞோன் பக்கம் என் கணவரின் மனம் சாய்ந்தது. ழான் விலார் 1947இல் தொடங்கிய நாடக விழா ஒவ்வொரு ஜூலையும் அங்கே நடக்கிறது. பீற்றர் புரூக்கின் 'மகாபாரதம்' 1985இல் முதன்முதல் அரங்கேறியது அந்த விழாவில்தான், பூல்போன் என்ற ஊரின் பழைய கற்சுரங்கத்தில். ஒன்பது மணித்தியால நாடகம். நம்முடைய திரௌபதியும் பீஷ்மரும் புரோவான்ஸ் நாட்டுச் சுண்ணாம்புக் கல்லின் முன் நின்று பேசினார்கள் என்பது எனக்கும் நெஞ்சைத் தொடுகிற செய்தி. ஆனால் விழா மாதத்தில் பழைய நகர மதிலுக்குள் வீடு கிடைப்பது அரிது. கிடைத்தாலும் சூடேறிய கல்லுக்குள், தெருச் சத்தத்துக்குள் சின்னப் பிள்ளைகளை நித்திரையாக்க முடியாது. ஆர்லையும் பார்த்தோம். வான் கோ 1888 பெப்ரவரியில் வந்து ஒரு வருடத்துக்கு மேல் வரைந்து தள்ளிய ஊர், பெரிய ரோமன் அரங்கு உள்ள ஊர். கமார்க் சதுப்பு நிலம் பக்கத்திலேயே தொடங்குவதால் நுளம்பும் பக்கத்திலேயே. சின்னவளுக்கு நுளம்பு கடித்தால் தடித்துவிடும். அந்த ஊரையும் விட்டோம்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒருநாள் இரவு கோப்பை கழுவியபடி சொன்னார்: "எனக்குக் கடல் வேண்டாம் பிள்ளை. கடலைப் பாத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருக்கிறது? நல்ல தண்ணி ஓடுற இடம் ஏதும் இருக்கோ எண்டு பார்."

அம்மா ஏன் அப்படிக் கேட்டார் என்பது யாழ்ப்பாணத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. குடாநாட்டில் வழுக்கையாறு என்று ஒன்று உண்டு, அதுவும் மாரியில் மட்டும். மற்றப்படி ஆறு கிடையாது. மாரி மழை சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும், வருடம் முழுவதும் அதைக் கிணற்றில் அள்ளிச் சீவிக்க வேண்டும். ஓடுகிற தண்ணீருக்கு அம்மாவின் மனதில் ஒரு தனி இடம். அன்று இரவு நான் வரைபடத்தை எடுத்துக் கடற்கரையை விட்டுவிட்டு உள்நாட்டின் நீலக் கோடுகளைப் பார்க்கத் தொடங்கினேன். வேர்தோன், சோர்க், கார்தோன், செஸ், எரோ. அப்போதுதான் தெற்குப் பிரான்ஸ் வேறொரு நாடாகத் தெரிந்தது. ஆகஸ்டில் கடற்கரையில் துவாய் விரிக்க இடம் தேடுகிற சனத்துக்குப் பின்னால், ஒரு மணித்தியாலத் தூரத்தில், நிழலும் ஆழம் குறைந்த குளிர்ந்த நீரும் உள்ள ஆறுகள் இருக்கின்றன. சின்னப் பிள்ளைக்கு அலை இல்லை, உப்பு இல்லை. வயதானவருக்குக் கரையிலேயே மர நிழல்.

அப்படித்தான் யூஸெஸ் வந்து சேர்ந்தது. கார் (Gard) மாவட்டத்தில் எண்ணாயிரத்துக்குச் சற்று மேல் சனம் வாழும் சிற்றூர். நீமிலிருந்து 25 கிலோமீற்றர், அவிஞ்ஞோனிலிருந்து 40 கிலோமீற்றர் அளவு. அத்தான் சொன்ன தூரத்துக்குள் கார்தோன் ஆறு, நீம், ஆர்ல், அவிஞ்ஞோன், செவென் மலைகளின் அடிவாரம் எல்லாம் அடங்கின. கடலுக்கு மட்டும் கொஞ்சம் கூட. ஊருக்குப் பயணிகள் ரயில் இல்லை, பஸ்தான் உண்டு. கார் இல்லாமல் இங்கே வந்து தங்குவது சரிப்படாது. ஆனால் தட்டையான ஊர் நடு, கடைகள் அதைச் சுற்றி, வாகனம் புகாத சதுக்கம்.

இருந்தும் ஒரு பயம் இருந்தது. 2019 ஜூன் 28ஆம் திகதி பிரான்சின் வரலாற்றிலேயே முதன்முறை வெப்பம் 45 பாகையைத் தாண்டியது இந்த வட்டாரத்தில்தான்; பக்கத்து எரோ மாவட்டத்தின் வெறார்க் என்ற ஊரில் 46 பாகை பதிவாகியது. எழுபது கடந்த ஒருவரை அழைத்துப் போகும்போது இதை நினைக்காமல் இருக்க முடியாது. அதனால் வீடு தேடும்போது படத்தில் தெரிகிற பூந்தோட்டத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தேன். பழைய கல் வீடு, கனத்த சுவர், எல்லா யன்னலுக்கும் வெளியே மரக்கதவு, வடக்குப் பார்த்த கீழ் அறை ஒன்று. நீச்சல் குளமுள்ள வீடுகளையும் பார்த்தோம். தனியார் குளங்களுக்கு வேலி, மூடி, கூரை, அபாயமணி இவற்றில் ஏதாவது ஒன்று கட்டாயம் என்று 2003ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அபாயமணி பிள்ளை விழுந்த பிறகுதான் அடிக்கும். பூட்டுள்ள வேலி இல்லாத வீடுகளை நான் திரும்பிப் பார்க்கவில்லை. கடைசியில் குளமே இல்லாத ஒரு வீடு எல்லாக் கணக்குக்கும் பொருந்தியது. ஊர் நடுவிலிருந்து நடை தூரம், கீழ்த்தளத்தில் அம்மாவுக்கு அறை, காஸ் அடுப்பு. வீட்டுக்காரப் பெண்மணியிடம் நான் கேட்ட கேள்விகளில் பாதி அடுப்பைப் பற்றியவை.

நாங்கள் பாரிஸின் லியோன் நிலையத்தில் ஏறி அவிஞ்ஞோனில் இறங்கினோம். 2001இல் அதிவேகப் பாதை மத்தியதரைக் கடல் வரை நீண்ட பிறகு அது மூன்று மணித்தியாலம்கூட இல்லாத பயணம். அக்கா குடும்பத்துக்கு லண்டனிலிருந்து யூரோஸ்டாரில் லீலுக்கு வந்து, அதே நிலையத்திலேயே தெற்கே போகும் அதிவேக ரயிலுக்கு மாறச் சொன்னேன். பாரிஸ் வழியாக வந்தால் பெட்டி படுக்கையோடு ஒரு நிலையத்திலிருந்து இன்னொரு நிலையத்துக்கு நகரத்தைக் குறுக்கறுக்க வேண்டும். ரயில் பதிவு செய்யும்போது இன்னொன்றையும் கவனித்தேன். 2019 டிசம்பரில் திறந்த 'நீம்-போன் து கார்' நிலையம் பெயரில் ரோமர்களின் போன் து கார் நீர்ப்பாலத்தைச் சுமந்தாலும் அந்தப் பாலத்துக்குப் பக்கத்தில் இல்லை, நீம் நகரத்துக்குள்ளும் இல்லை. நகரத்துக்கு வெளியே மந்துவெல் என்ற ஊரருகே இருக்கிறது.

வந்து இறங்கிய மறுநாளிலிருந்து வீடு தன் ஒழுங்கை எங்களுக்குக் கற்றுத் தந்தது. விடிய யன்னல் எல்லாம் திறப்பு. பத்து மணிக்கு வெயில் சுவரைத் தொடும்போது கண்ணாடியும் மூடி வெளி மரக்கதவும் மூடி, வீடு இருட்டு. பின்னேரம் வரை அப்படியே. வடக்கு ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் சூரியனுக்காக வந்துவிட்டு ஏன் இருட்டுக்குள் இருப்பது என்று யன்னலைத் திறந்து வைத்து வெந்துபோவதைக் கண்டிருக்கிறேன். அம்மாவுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவை இருக்கவில்லை. மத்தியானம் சோறு, பிறகு சின்ன நித்திரை, நாலரைக்கு மேல் வெளியே. அவர் ஊரில் வாழ்ந்த நாளின் அதே அமைப்பு. சிக்காடாப் பூச்சிகள் பகல் முழுவதும் மரங்களில் கத்திக்கொண்டேயிருந்தன. வெயில் தணிந்தால்தான் அவை ஓயும். அவை ஓய்ந்ததும் பிள்ளைகள் செருப்பைத் தேடுவார்கள்.

மாலையில் போகிற இடம் ஒன்றுதான், பிளாஸ் ஓ ஸெர்ப். நடுவில் நீரூற்று, பிளேன் மரங்கள், நாலு பக்கமும் கல் வளைவுகளின் கீழ் கடைகள். ஜூலையில் அங்கே ஒன்பது மணிக்குப் பிறகுதான் இருட்டும். எந்த ஊரில் தங்குவது என்று தேடுகிறவர்கள் பகலில் எங்கே போகலாம் என்பதையே எண்ணுகிறார்கள். அந்த நீண்ட வெளிச்சத்தில் குடும்பம் எங்கே இருக்கும் என்று எண்ணுவதில்லை. குன்றின் மேல் தனி வீடு எடுத்தவர்கள் அந்த நேரத்தில் தங்கள் முற்றத்தில் இருப்பார்கள். எங்கள் பிள்ளைகள் நீரூற்றைச் சுற்றி ஊர்ப் பிள்ளைகளோடு ஓடினார்கள். அம்மா ஒரு கதிரையில் இருந்து வருகிற போகிறவர்களைப் பார்த்தார். பெறாமகன் எங்களை விட்டுத் தனியே நடந்துபோய் ஃபெனெஸ்ட்ரெல் கோபுரத்தைச் சுற்றிவிட்டு வருவான். பன்னிரண்டாம் நூற்றாண்டின் அந்த வட்டக் கோபுரம் 42 மீற்றர் உயரம், மாடி மாடியாக இரட்டை யன்னல்கள். ஒரு பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தனியே போய்வரக்கூடிய ஊர் அமைவது பெரிய கொடை. அக்கா லண்டனில் அவனைப் பின்னேரங்களில் தனியே விடுவதில்லை.

சனிக்கிழமைச் சந்தை அதே சதுக்கத்தில், அதைச் சுற்றிய தெருக்களில். புதன்கிழமையும் உண்டு, சின்னது. கோடையில் சனிக்கிழமை ஒன்பது மணிக்குப் பிறகு காரை நிறுத்த இடம் கிடையாது. நாங்கள் கூடையைத் தூக்கிக்கொண்டு நடந்து போனோம். பீச், அப்ரிக்கொட், கவையோன் மெலன், செவென் மலைகளின் பெலார்தோன் ஆட்டுப்பால் சீஸ், பிக்கோலின் ஒலிவ். அம்மா எல்லாவற்றையும் தாண்டிக் கத்தரிக்காய்க்குப் போனார். விற்ற விவசாயி எடுத்துக் கொடுத்ததை மெதுவாகத் திருப்பி வைத்துவிட்டு, தன் கையால் காம்பையும் பாரத்தையும் பார்த்துத் தெரிவு செய்தார். மொழி ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. அந்த மனிதர் அடுத்த முறை பெட்டியையே அவர் முன் நகர்த்தி வைத்தார். பக்கத்துக் கடையில் கமார்க் அரிசி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வியட்நாமிலிருந்து கட்டாயமாகக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் அந்தச் சதுப்பு நிலத்தில் நெல் விளைய வைத்த கதையை என் கணவர் சொன்னார். அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்து, "பாவம், அதுகளுக்குத் திரும்பிப் போகக் கிடைச்சுதோ?" என்று கேட்டார். சிலர் திரும்பினார்கள், சிலர் இங்கேயே இருந்துவிட்டார்கள். ஒரு பொதி வாங்கினோம்.

இந்த ஊரோடு இலக்கியக்காரர் சிலருக்கும் உறவு உண்டு. ரசீன் இளைஞராக 1661இல் வந்து தாய்மாமன் வீட்டில் தங்கியிருந்தார். ஆந்த்ரே ழீத்தின் தந்தை வழிக் குடும்பம் யூஸெஸைச் சேர்ந்தது. சிறுவனாக அவர் விடுமுறைக்கு வந்து பாட்டியோடு தங்கிய ஊர். தாகூரின் 'கீதாஞ்சலி'யைப் பிரெஞ்சில் தந்தவர் பிற்காலத்தில் அந்தச் சிறுவன்தான் என்பதை எண்ணிக்கொண்டு அந்தத் தெருக்களில் நடப்பது எனக்குப் பிடித்திருந்தது.

ஆனால் எங்கள் விடுமுறையின் மையமாக ஆனது ஒரு ஊற்று. ஊரின் கீழே இறங்கினால் ஏர் பள்ளத்தாக்கு. அல்ஸோன் என்ற சிற்றாறு, மர நிழல், புல், பழைய மதகுகள். அங்கே பாறைக்கு அடியிலிருந்து தண்ணீர் வெளிவருகிறது. ரோமர்கள் முதலாம் நூற்றாண்டில் இந்தத் தண்ணீரைத்தான் நீம் நகரத்துக்குக் கொண்டு போனார்கள். நேராகப் பார்த்தால் 20 கிலோமீற்றர் தூரம். நடுவில் காரீக் எனப்படும் வறண்ட கற்குன்றுகள் நிற்பதால் வாய்க்கால் சுற்றி வளைந்து 50 கிலோமீற்றர் ஓடியது. தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே உயர வித்தியாசம் 12 மீற்றருக்குச் சற்று மேல்தான். கிலோமீற்றருக்குச் சராசரி 25 சென்ரிமீற்றர் சரிவு. பம்பு இல்லை, ஒன்றும் இல்லை. தண்ணீர் தன் பாரத்தாலேயே நடந்து போனது. பெறாமகன் இதைக் கேட்டதும் தொலைபேசியைக் கீழே வைத்தான். அதன் பிறகு அந்த வாய்க்காலைத் தேடுவது அவனுடைய வேலையாகிவிட்டது.

வீட்டில் கேத்திலின் அடியில் வெள்ளைப் படை தடித்துப்போய் இருந்தது. அம்மா விரலால் சுரண்டிப் பார்த்து, "எங்கட கிணத்துத் தண்ணி" என்றார். உண்மைதான். இரண்டு மண்ணும் சுண்ணாம்புக் கல். அதே சுண்ணாம்பு ரோமர்களின் வாய்க்காலிலும் படிந்தது. நூற்றாண்டுகள் போகப் போகச் சுவரில் அரை மீற்றருக்குக் கிட்டத் தடித்து வழியைக் குறுக்கியது. காட்டுக்குள் இடிந்து நிற்கும் வாய்க்கால் துண்டுகளில் அந்தப் படையைக் கையால் தொட்டுப் பார்க்கலாம். அவன் தொட்டுப் பார்த்துவிட்டு ஓடிவந்து அம்மம்மாவிடம் சொன்னான்.

அதே சுண்ணாம்புதான் எங்களுக்குக் குளிக்கும் ஆற்றையும் தந்தது. கடுங்கோடையில் கார்தோன் ஆறு மேல்பகுதியில் சில இடங்களில் வெறும் கல்லாகக் கிடக்கும். நீர் பாறைக்குள் இறங்கி மறைந்து, கீழே பள்ளத்தாக்கில் ஊற்றுகளாக மீண்டும் வெளிவரும். அதனால் மேலே வறண்டிருந்தாலும் கொலியாஸ் ஊரடியில் தண்ணீர் ஓடுகிறது, அதுவும் தெளிவாக. யூஸெஸிலிருந்து காரில் கொஞ்ச நேரம். காலை வெயில் ஏறுமுன் போய், மரத்தடியில் பாய் விரித்து, அம்மாவை முழங்கால் வரை தண்ணீரில் இறக்கி ஒரு தட்டையான கல்லில் இருத்திவிட்டால், அதன் பிறகு யாருக்கும் யாரையும் பற்றிக் கவலை இல்லை. பெரியவன் கெண்டை மீன்களைக் கலைத்துக்கொண்டு திரிந்தான். சின்னவள் இடுப்பளவு தண்ணீரில் தன்பாட்டில் நீந்தக் கற்றுக்கொண்டாள். கொலியாஸிலிருந்து போன் து கார் வரை 8 கிலோமீற்றர் கயாக்கில் போகலாம்; ஒரு காலை அத்தானும் பெறாமகனும் போனார்கள். நாங்கள் காரில் போய்ப் பாலத்தடியில் காத்திருந்தோம்.

போன் து கார் நீர்ப்பாலம் 49 மீற்றர் உயரம், மூன்று அடுக்கு வளைவுகள். 1985இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. படங்களில் பார்த்தால் அது ஒரு கட்டடம். அம்மா தன் காலை நனைத்த ஊற்றின் நீர் தலைக்கு மேல் அந்த உயரத்தில் ஆற்றைக் கடந்தது என்று தெரிந்துகொண்டு பார்த்தபோது அது எங்கள் வீட்டுக் காரியமாகிவிட்டது. வளைவுக்கு அடியிலிருந்து அத்தான் துடுப்பை உயர்த்திக் காட்டிக்கொண்டு வந்தார். இருபத்தைந்து வருடமாக லண்டனில் கடை நடத்துகிற மனிதர்; அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை.

இந்த ஆற்றுக்கு இன்னொரு முகமும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். செப்டெம்பர், ஒக்டோபரில் கடலிலிருந்து வரும் ஈரக் காற்று செவென் மலைகளில் மோதிக் கொட்டினால் சில மணித்தியாலங்களில் கார்தோன் பயங்கரமாகப் பெருகும். 2002 செப்டெம்பர் 8, 9ஆம் திகதிகளில் வந்த வெள்ளத்தில் இந்த மாவட்டத்தில் பலர் உயிரிழந்தார்கள். ரோமர்களின் பாலம் நின்றது. விலை குறைவென்று செப்டெம்பர் பிற்பகுதியில் வருகிறவர்கள் ஆற்றங்கரையில் வீடு எடுப்பதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்; வானிலை எச்சரிக்கையை ஒவ்வொரு காலையும் பார்க்க வேண்டும். கோடையில் அதே கவனம் நெருப்புக்கு. காற்று வீசும் காய்ந்த நாட்களில் காட்டுப் பாதைகளையே மூடிவிடுவார்கள். மிஸ்த்ரால் என்ற வடகாற்று இரண்டொரு நாள் வீசியது. வானம் கழுவிவிட்ட நீலமாக இருந்தது, யன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. அன்று எங்கும் போகாமல் வீட்டிலிருந்து மீன் குழம்பு வைத்தோம்.

கடலுக்கும் ஒருநாள் போனோம். எஸ்பிகெத் கரையில் பரந்த மணல், நல்ல இடம்தான். வாகன வரிசையில் நின்ற நேரம் தண்ணீரில் நின்ற நேரத்தை விடக் கூட என்று பிள்ளைகளே சொன்னார்கள்.

கடலுக்குப் போனதை விட்டால், அத்தான் தன் நிபந்தனையைத் தானே மீறியது ஒரே ஒரு நாள், ஃபோன்தேன் து வோக்ளூஸுக்குப் போவதற்காக. அது ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பெரிய செங்குத்துப் பாறையின் அடியில் ஒரு குழி. அதிலிருந்து சோர்க் ஆறு முழுதாகப் பிறக்கிறது. பிரான்சின் மிகப் பெரிய ஊற்று இது. 1946இல் கடலாய்வாளர் கூஸ்தோ இதற்குள் மூழ்கி அடி தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. 1985இல் இறக்கிய இயந்திரம்தான் 308 மீற்றர் ஆழத்தில் மணலைத் தொட்டது. கோடையில் குழியின் நீர்மட்டம் தாழ்ந்திருக்கும். தண்ணீர் கீழே பாறை இடுக்குகளால் வெளிவந்து ஆறாக ஓடும். பாதை மெல்லிய ஏற்றம். அம்மா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று நடந்தார். நாங்கள் திரும்பலாம் என்றபோது கேட்கவில்லை.

மேலே போய்ப் பார்த்ததும் நிலாவரையைச் சொல்லத் தொடங்கினார். புத்தூர்ப் பக்கத்தில் இருக்கும், அடி காணாதது என்று பெயர் வாங்கிய கிணறு. இராமர் அம்பு விட்டுத் தோன்றியது என்று சனம் சொல்லும். மேலே நல்ல தண்ணீர், ஆழத்தில் உப்பு. சின்ன வயதில் தமையன்மார் அதற்குள் தேசிக்காய் எறிந்துவிட்டு அது கீரிமலைக் கேணியில் வந்து மிதக்கிறதா என்று சைக்கிளில் ஓடிப்போய்ப் பார்த்த கதையைச் சொன்னார். அந்தத் தமையன்மாரில் இப்போது ஒருவரும் இல்லை. கீரிமலைப் பக்கம் போர்க்காலத்தில் வருடக்கணக்காக யாரும் போக முடியாத இடமாகக் கிடந்தது. இந்தக் கதையை நானும் அக்காவும் அதற்கு முன் கேட்டதே இல்லை. பெறாமகனுக்குத் தமிழ் விளங்கும், கதைக்கத்தான் தயங்குவான். அன்று அவன் தமிழிலேயே கேட்டான்: "தேசிக்காய் வந்ததா அம்மம்மா?"

"வராமல் என்ன," என்றார் அம்மா. "பெரியண்ணை கேணிக்குள்ள முதலே ஒண்டு போட்டு வைச்சிருந்தவர்."

எத்தனையோ வருடம் ஒரே வீட்டில் இருந்தும் அம்மா எனக்குச் சொல்லாத கதை அந்தப் பாறையடியில் வெளிவந்தது. கடற்கரையில் வீடு எடுத்திருந்தால் நாங்கள் அதைக் கேட்டிருக்க மாட்டோம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

திரும்புகிற சனிக்கிழமை, காரை ஒப்படைக்கும் முன் நீமில் நிறுத்தினோம். சனம் முழுவதும் ரோமன் அரங்குக்கும், 2023இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மேசோன் கார்ரே கோவிலுக்கும் போய்க்கொண்டிருந்தது. பெறாமகன் எங்களை ஒரு சாய்வான தெருவுக்கு அழைத்துப்போனான். வீடுகளுக்கிடையே வேலிக்குப் பின்னால், கல்லில் வெட்டிய ஒரு வட்டத் தொட்டி. பார்வையாளர் யாருமில்லை. யூஸெஸின் தண்ணீர் 50 கிலோமீற்றர் வந்து இங்கேதான் விழுந்தது. சுற்றிவர உள்ள துளைகளில் ஈயக் குழாய்களைப் பொருத்தி நகரத்தின் பல பக்கங்களுக்கும் பிரித்து அனுப்பினார்கள். என் பிள்ளைகள் கம்பிக்குள் முகத்தை வைத்துத் துளைகளை எண்ணினார்கள். பத்து. அம்மா வீதியோரக் கல்லில் இருந்துகொண்டு, ஊற்றடியில் தொடங்கியது இங்கே வந்து முடிகிறதா என்று கேட்டார். பெறாமகன் ஓம் என்றான்.

ரயிலுக்கு நேரம் நெருங்கியது. அக்கா தொலைபேசியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என்னவென்று கேட்டேன். அடுத்த கோடைக்கு வீடு. கார்தோன் பிறக்கிற பக்கம், செவென் மலைக்குள், ஆன்தூஸ் என்ற ஊரடியில் ஒன்று கிடக்கிறதாம். ஆற்றங்கரை, பக்கத்தில் மூங்கில் தோட்டம், சென் ழான் து காருக்கு நீராவி ரயிலும் ஓடுகிறதாம்.

"படி இருக்கோ எண்டு கேள்," என்றார் அத்தான்.

"அடுப்பு காஸோ எண்டும் கேள்," என்றார் அம்மா.